காப்பிக்கொட்டை மிஷினில் கோதுமை

என்னிடம் முதுகலை படித்த பெண் ஒருத்தி, படிப்பு முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, போன வருடம் வீட்டுக்கு வந்தாள். கணவர் சென்னையில் கணினி வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் மூன்று ஏக்கர் நிலத்தில் தற்சார்பாக வாழ்வது என்று முடிவெடுத்திருக்கிறார். சொந்தக் கிணறு, நாட்டு மாடு, மண் வீடு, கடைக்கே போகத் தேவையில்லாத சமையல். அவள் கையில் மகளுக்கு இரவில் வாசித்துக்காட்டும் ஆங்கிலக் கதைப்புத்தகம் இருந்தது. லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய 'தி லாங் விண்டர்'. "இத வாசிக்கும்போது ஆசையாவும் இருக்கும்மா, பயமாவும் இருக்கு. பயம் எதுக்குன்னுதான் புரியல" என்றாள்.

அந்தப் புத்தகத்தை நான் அதுவரை வாசித்ததில்லை. சிறுவர் புத்தகம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவள் விட்டுச்சென்ற பிரதியை இரண்டு இரவுகளில் வாசித்தேன். பிறகு அதன் பின்னால் இருக்கும் கதையைத் தேடிக்கொண்டு போனேன். அவளுக்கு அன்று நான் சொல்லாத பதில்தான் இந்தக் கட்டுரை.

கதை எளிது. அமெரிக்காவின் டகோட்டா பிரதேசம், டி ஸ்மெட் என்னும் புதிதாக முளைத்த சிற்றூர், 1880–81 குளிர்காலம். அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் ஏப்ரல்வரை ஓயவில்லை. ரயில் பாதை பனியில் புதைந்துபோகிறது. ரயிலில் வரவேண்டிய மாவு, நிலக்கரி, மண்ணெண்ணெய் எதுவும் வரவில்லை. இங்கல்ஸ் குடும்பம் தங்கள் நிலத்துக் குடிசையை விட்டு ஊருக்குள், அப்பா கட்டிய கடை வீட்டுக்கு வந்து தங்குகிறது. அப்பா, அம்மா, பார்வை இழந்த மூத்தவள் மேரி, பதின்மூன்று முடிந்து பதினான்காகும் லாரா, காரி, கைக்குழந்தைப் பருவம் தாண்டிய கிரேஸ் என்று ஆறு பேர். நிலக்கரி தீர்ந்ததும் காய்ந்த புல்லை முறுக்கிக் கட்டைபோல் ஆக்கி எரிக்கிறார்கள். மாவு தீர்ந்ததும் விதைக்கோதுமையைக் காப்பிக்கொட்டை மிஷினில் போட்டு அரைக்கிறார்கள். அந்த மிஷினில் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும். அதனால் அதன் கைப்பிடி நாள் முழுக்க ஓய்வதேயில்லை. ஒருத்தி கை ஓய்ந்தால் இன்னொருத்தி. கண் தெரியாத மேரி அதிகம் அரைக்கிறாள். இருட்டில் செய்ய முடிந்த வேலை அது.

தமிழில் இதைச் சொல்லும்போதே ஒரு தடுமாற்றம் வருகிறது. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர். முன்பனி, பின்பனி என்று இரண்டு பெரும்பொழுதுகளைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. அதிலும் பின்பனி பாலைக்கும் உரியது, பிரிவின் காலம். ஆனால் வீட்டின் கூரைவரை குவிந்து, கதவைத் திறக்கவிடாமல் செய்யும் வெண்மைக்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். அகராதி வெண்பனி, உறைபனி என்று உதவிக்கு வருகிறது. இருந்தாலும் சொல்லில் உள்ள குளுமை போகமாட்டேன் என்கிறது. எங்கள் வகுப்புகளில் மேற்கத்தியக் குளிர்காலக் கதைகள் அழகான கதைகளாகவே வாசிக்கப்படுவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வைல்டர் இந்த நாவலுக்கு முதலில் வைக்க நினைத்தது 'கடும் குளிர்காலம்' என்ற பெயர். குழந்தைகளுக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று பதிப்பாளர்கள் நினைத்ததால் அது 'நீண்ட' ஆயிற்று. கடுமை நீளமாக மாறியது 1940இல்.

நாவலின் அம்மா, கரோலைன், அந்தக் குளிர்காலத்தில் நாற்பத்தொன்றாம் வயதில் இருந்தவர். என்னைவிடச் சின்னவர். அவர் செய்கிற வேலைகளை வாசகி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் தாள் போதாது. கோதுமையை அரைக்கவைத்துப் புளித்த மாவைச் சேர்த்து ரொட்டி சுடுகிறார். மண்ணெண்ணெய் தீர்ந்ததும் ஒரு பொத்தான், ஒரு துணித்துண்டு, வண்டி அச்சுக்குத் தடவும் கொழுப்பு ஆகியவற்றை வைத்து விளக்கு செய்கிறார். உருளைக்கிழங்கை எண்ணி வைக்கிறார். எண்ணுவது என்ற வேலையை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். அந்தக் குடும்பத்தில் எது எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும் என்பதைத் தலைக்குள் வைத்திருப்பவர் அவர்தான். மற்றவர்கள் பயப்படும்போது பயப்படலாம். அவர் பயப்பட்டால் எண்ணிக்கை தவறிவிடும்.

நாவல் இதை மறைக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெண்ணிய வாசிப்பு என்றாலே பிரதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என்று நம் மாணவிகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் மரத்துப்போன மனநிலையை, புயலின் ஓசையில் மூளை மந்தமாகிப் போவதை, ஒரே ரொட்டியை மூன்று வேளையும் மெல்வதன் சலிப்பை இவ்வளவு நேர்மையாக எழுதிய சிறுவர் நூல் வேறு எனக்குத் தெரியாது. புல் முறுக்கி முறுக்கிக் கை வெடித்து விறைத்துப்போனதால் அப்பாவால் பிடில் வாசிக்க முடியாமல் போகும் இடம் என்னை உலுக்கிவிட்டது. ஆணின் உழைப்பையும் அது குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் கூர்ந்து பார்த்தால் சில இடங்களில் நாவல் தன்னையும் அறியாமல் பேசுகிறது. தொடக்கத்தில், வைக்கோல் அள்ள அப்பாவுக்கு ஆள் இல்லை. லாரா தானே வருவதாகச் சொல்கிறாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பெண்கள் வயலில் இறங்கி வேலை செய்வது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வழக்கம், நம்முடையதல்ல என்பது அவர் எண்ணம். இங்கே வயல்வேலை என்பது வெறும் வேலை இல்லை. யார் யாரைவிட மேல் என்பதன் அடையாளம். நாற்று நடாத வீட்டுப் பெண்கள், நாற்று நடும் வீட்டுப் பெண்கள் என்று பிரித்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேவை வந்ததும் லாரா வயலுக்குப் போகிறாள். கோடு அழிவதில்லை, தேவைக்குத் தக்கபடி கொஞ்சம் நகர்த்தப்படுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு இடம். அல்மான்சோ வைல்டர் (பிறகு லாராவை மணப்பவர்), அவருடைய அண்ணன் ராயல் என்ற இரண்டு கல்யாணமாகாத ஆண்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் உணவு இருக்கிறது. அல்மான்சோ தன் விதைக்கோதுமையைச் சுவருக்குள் பலகையடித்து ஒளித்து வைத்திருக்கிறார். இங்கல்ஸ் அப்பா அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஒரு நாள் வாளியோடு போய், சுவரிலிருக்கும் அடைப்பைப் பிடுங்கி, கோதுமையை வழியவிட்டுப் பிடித்து, காசு கொடுத்து எடுத்து வருகிறார். வீரம்போல் சொல்லப்படும் காட்சி. அந்த வீட்டில் அவருக்கு அடுக்கடுக்காக அப்பமும் இறைச்சியும் கிடைக்கின்றன. அவர் சாப்பிடுகிறார். வீட்டில் ஐந்து பெண்கள் காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டிருக்கிறார்கள். வெளியே போய்வர முடிந்தவருக்கு வெளியே சாப்பாடும் கிடைக்கிறது. அடுப்பைக் காப்பவளுக்கு அடுப்பில் உள்ளதுதான். நாவல் அதை ஆண்களின் நட்பாக எழுதியிருக்கிறது. எனக்கு அது யாருடைய கால்கள் வாசலைத் தாண்டலாம் என்பதன் கணக்காகத் தெரிந்தது. கரோலைன் ஒரே ஒரு தடவைதான் கணவரின் முடிவுக்குக் குறுக்கே நிற்கிறார். ஊருக்குத் தெற்கே இருபது மைல் தொலைவில் எங்கோ ஒருவரிடம் கோதுமை இருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பா கிளம்ப நினைக்கும்போது, கூடவே கூடாது என்கிறார். அப்பா அடங்கிவிடுகிறார். அல்மான்சோவும் கேப் கார்லண்டும் உயிரைப் பணயம் வைத்துப் போய் 60 புஷல் கோதுமை கொண்டுவருகிறார்கள். ஊர் பிழைக்கிறது.

ஊர் பிழைக்கிறது என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். தன்னிறைவு பற்றிய இந்தப் புகழ்பெற்ற நாவலில் யாரும் தனியாகப் பிழைக்கவில்லை. கோதுமைக்குப் பணம் போட்ட கடைக்காரர் அதிக விலை வைத்ததும் ஊர் ஆண்கள் திரண்டுபோய்ப் பேசி, வாங்கிய விலைக்கே விற்கவைக்கிறார்கள். கோதுமை ஏற்றிவந்த இருவரும் கூலி வாங்கவில்லை. ஊரே ரயிலை எதிர்பார்த்துக் கிடக்கிறது. அந்த ரயில் பாதையே அரசு நிலக்கொடைகளும் பெருமுதலாளிகளும் சேர்ந்து மேற்கே இழுத்துச் சென்ற ஏற்பாட்டின் ஒரு கிளை.

நிலமும் அப்படித்தான். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். 21 வயது நிரம்பியவர், அல்லது குடும்பத் தலைவர் என்று சட்டம் சொன்னது. மணமாகாத பெண், விதவை, கணவன் கைவிட்டுப்போன பெண் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். பலர் விண்ணப்பித்தார்கள், நிலம் பெற்றார்கள். கணவனோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. அவள் குடும்பத்துக்குத் தலைவர் இருக்கிறாரே! ஆக, நிலம் வேண்டுமென்றால் பெண்ணுக்குக் கணவன் இருக்கக்கூடாது. கணவன் இருந்தால் நிலத்தில் அவளுடைய உழைப்பு மட்டும் இருக்கலாம். இதை வாசித்த அன்று என் மாணவியைத் தொலைபேசியில் அழைத்து, மூன்று ஏக்கர் பத்திரம் யார் பெயரில் என்று கேட்டேன். "மாமனார் பேர்லம்மா" என்றாள். அவளுடைய நகையில் பாதி அதில் போயிருக்கிறது.

அந்த 160 ஏக்கர் அதற்கு முன் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. டகோட்டா என்ற பெயரே அங்கு வாழ்ந்த மக்களின் பெயர். நாவலில் ஒரு பழங்குடி முதியவர் கடைக்குள் வந்து, ஏழு மாதங்கள் புயலடிக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் சொன்னதால்தான் அப்பா குடும்பத்தை ஊருக்குள் கொண்டுவருகிறார். அவர் எங்கே போனார், அவருடைய பெண்கள் அந்தக் குளிர்காலத்தை எங்கே, எதை அரைத்துக் கழித்தார்கள் என்று நாவல் கேட்பதில்லை. இதே வரிசையில் 1935இல் வந்த நூலின் முதல் பதிப்பு, பழங்குடிகள் வாழ்ந்த நிலத்தில் மனிதர்களே இல்லை என்ற பொருளில் தொடங்கியது. ஒரு வாசகரின் கடிதத்துக்குப் பிறகு, 1953இல் 'மனிதர்கள்' என்ற சொல் 'குடியேறிகள்' என்று மாற்றப்பட்டது. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் சிறுவர் இலக்கிய விருது ஒன்றிலிருந்து வைல்டரின் பெயரை எடுத்துவிட்டது. எடுத்தது சரியா என்று அங்கே பெரிய சண்டை. எனக்கு விருதின் பெயரைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லை. அந்த ஒற்றைச் சொல் பதினெட்டு ஆண்டுகள் யார் கண்ணையும் உறுத்தாமல் அச்சாகிக்கொண்டிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான செய்திக்கு வருகிறேன்.

வைல்டர் இந்த நாவல் வரிசையைத் தொடங்குவதற்கு முன், 1930 வாக்கில், 'பயனியர் கேர்ள்' என்ற தன்வரலாற்றை எழுதிப்பார்த்தார். பதிப்பாளர்கள் யாரும் ஏற்கவில்லை. அது விரிவான குறிப்புகளோடு அச்சில் வந்தது 2014இல்தான். அதில் இதே குளிர்காலம் வருகிறது. ஆனால் அந்த வீட்டில் இருந்தது ஆறு பேர் அல்ல, ஒன்பது பேர். ஜார்ஜ் மாஸ்டர்ஸ், மேகி மாஸ்டர்ஸ் என்ற இளம் தம்பதியர் அவர்களோடு தங்கியிருந்தார்கள். மேகி அந்த வீட்டிலேயே பிள்ளை பெற்றாள். ஜார்ஜ் புல் முறுக்க உதவவில்லை. அடுப்பருகே நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் முந்தினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து எழுதும்போதும் வைல்டருக்கு அந்த ஆள்மீது கோபம் ஆறவில்லை.

நாவலில் இந்த மூவரும் இல்லை. தற்செயலாக விடுபடவும் இல்லை. நாவலாக்கத்தில் கூட உழைத்த மகள் ரோஸ் வைல்டர் லேனோடு நடந்த கடிதப் போக்குவரத்தில், குடும்பத்தோடு வேறு யாரும் இருந்ததாக எழுத முடியாது என்பதில் வைல்டர் உறுதியாக நின்றார். கதையின் கட்டுக்கோப்பு என்று பார்த்தால் அவர் சொன்னது சரிதான். தனித்துவிடப்பட்ட குடும்பம், வெளியே புயல், உள்ளே ஒரே மனமாக ஆறு பேர் என்ற சித்திரம் ஒரு வெளியாள் அடுப்பருகே உட்கார்ந்த கணமே கலைந்துபோகும். புனைவெழுத்தாளருக்கு வெட்டும் உரிமை உண்டு. நானும் கவிதையில் எத்தனையோ பேரை வெட்டியவள்தான்.

ஆனால் வெட்டப்பட்டது எது? குளிர்காலத்தில் ஒரு பிரசவம். வாயிலில் பனி, ஊரில் ரயில் இல்லை, எண்ணி வைத்த உருளைக்கிழங்கு. அந்த நிலைமையில் வேறொருத்தியின் பிரசவம் பார்த்து, பிள்ளைத்துணி அலசி, அதைக் காயவைக்க அடுப்பருகே இடம் தேடி, பால் கொடுப்பவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமே என்று தன் தட்டைக் குறைத்திருக்கக்கூடிய வீடு அது. 'இருக்கக்கூடிய' என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் தன்வரலாறும் இதை இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. கரோலைன் செய்த வேலையில் பெரும்பகுதி பிறருக்குச் செய்த வேலை. அந்தப் பகுதி முழுக்கப் போய்விட்டது. மிஞ்சியது தன் குடும்பத்துக்குத் தானே போதும் என்ற அழகான ஆறு பேர். தன்னிறைவு என்ற கதை நிற்பதற்கு, ஒரு பிள்ளைபெற்றவளை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

ஜார்ஜின் சோம்பேறித்தனத்துக்காக மேகியும் சேர்த்து நீக்கப்பட்டாள் என்பதும் எனக்குக் கசக்கிறது. புதிதாகப் பிள்ளை பெற்றவள் அடுப்பருகே உட்கார்ந்திருப்பது சோம்பலாகாது. குளிரில் ஒரு சிசுவை உயிரோடு வைத்திருப்பது முழுநேர வேலை.

இதே வெட்டு வரிசை முழுக்க நடந்திருக்கிறது. மேரியை அயோவாவில் பார்வையற்றோர் கல்லூரிக்கு அனுப்ப, லாரா சட்டை தைத்தும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தும் குடும்பத்துக்குப் பணம் சேர்ப்பதாக நாவல்கள் சொல்கின்றன. லாராவின் உழைப்பு உண்மை. ஆனால் மேரியின் கல்விக் கட்டணத்தை டகோட்டா பிரதேச அரசு கொடுத்தது. அது கதையில் இல்லை. மகள் ரோஸ், அரசு மனிதனுக்கு எதுவும் செய்யக்கூடாது என்ற கொள்கைக்காரர். 1943இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதியவர். அம்மாவும் அந்தக் காலத்து நிவாரணத் திட்டங்களை வெறுத்தார். இதே அம்மாதான் மிசௌரியில், உழவர்களுக்கு மத்திய அரசின் கடன் பெற்றுத்தரும் சங்கத்தில் பத்தாண்டுகள் அளவில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்தவர்! இதை வைத்து அவரைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 65ஆம் வயதில் முதல் நூலை வெளியிட்டவர். இளமையில் வறட்சி, கடன், தீ, சிசுமரணம் எல்லாவற்றையும் பார்த்தவர். அந்தத் தோல்விகளைச் சொல்லும் கைப்பிரதி அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1971இல்தான் அச்சேறியது. தோற்ற வாழ்க்கை பெட்டிக்குள் இருக்க, வென்ற குடும்பம் உலகமெங்கும் போனது.

கணக்கில் எது வருகிறது, எது வரவில்லை என்பது தற்சார்பு இலக்கியத்தின் பழைய சிக்கல். வால்டன் குளக்கரையில் 1845 முதல் இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் வாழ்ந்த தோரோ, குடில் கட்ட 28 டாலர் 12½ சென்ட் ஆனது என்று அரைக் காசுவரை கணக்குக் கொடுத்தார். பனி உருகி வசந்தம் வருவதை அவர்போல் எழுதியவர் குறைவு. அதே கணக்கில், துணி துவைத்ததும் தைத்ததும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அதற்கான பில் இன்னும் வரவில்லை என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு இருக்கிறது. நான் அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

ஹெலன் நியரிங்கிடம் வரும்போது மூச்சு கொஞ்சம் சீராகிறது. இளமையில் ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு நெருக்கமாக இருந்தவர், பிரம்மஞான சபைக் குடும்பத்துப் பெண். 1932 முதல் கணவர் ஸ்காட்டோடு வெர்மான்ட் மலையில் வாழ்ந்து, 1954இல் 'லிவிங் த குட் லைஃப்' நூலை இருவருமாக எழுதினார்கள். பின்பனிக் காலத்தில் இரவு உறைந்தும் பகல் உருகியும் இருக்கும் சில வாரங்களில் மேப்பிள் மரத்தில் சாறு ஏறும். அதைப் பிடித்து, விறகு மாளக் காய்ச்ச வேண்டும். 40 லிட்டர் சாறு சுண்டினால் ஒரு லிட்டர் பாகு. அதை விற்றுத்தான் அவர்கள் உப்பு, எண்ணெய் வாங்கினார்கள். நமக்குப் பதநீர் காய்ச்சும் விடிலிகள் நினைவுக்கு வரும். அங்கேயும் அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவள் யார் என்பது நமக்குத் தெரியும். நாளுக்கு நான்கு மணி நேரம் உடலுழைப்பு, மற்றது வாசிப்பும் இசையும் என்பது நியரிங் தம்பதியின் திட்டம். எப்படி முடிந்தது? அவர்களுக்கு வளர்க்கப் பிள்ளை இல்லை; மாடு, கோழி வைத்துக்கொள்ளவில்லை. வந்துபோன இளைஞர்களின் கைகளும் உதவின. இதைவிட முக்கியம், 1980இல் ஹெலன் எழுதிய சமையல் நூல். சமைக்கப் பிடிக்காத பெண் எழுதிய சமையல் புத்தகம் அது. பச்சையாகச் சாப்பிடு, வேகவைத்தால் கொஞ்சமாக வேகவை, அடுப்பைவிட்டு வெளியே வா என்பதுதான் அதன் செய்முறை. தற்சார்பு என்றால் முதலில் குறையவேண்டியது சமையல் என்று சொன்ன ஒரே குரலாக எனக்கு அவர் தெரிகிறார். நம் ஊர்த் தற்சார்புக் கனவுகளில் முதலில் கூடுவது சமையல்தான்: கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், அம்மியில் அரைத்த மசாலா. யார் குத்துவது, யார் அரைப்பது?

இதற்கெல்லாம் நேர் எதிரான ஒரு கையெழுத்து உண்டு. மெய்ன் மாநிலத்தில் கென்னெபெக் ஆற்றங்கரையில் வாழ்ந்த மருத்துவச்சி மார்த்தா பல்லார்ட் 1785 முதல் 1812வரை எழுதிய நாட்குறிப்பு. 816 பிரசவங்களைப் பதிவு செய்தவர். பிற்கால ஆசிரியர்கள் அதைப் புரட்டிப்பார்த்து, வானிலையும் வீட்டுவேலையும்தானே என்று வைத்துவிட்டார்கள். வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் அல்ரிக், அந்தச் சலிப்பூட்டும் வரிகளே வரலாறு என்று நிறுவிய நூல் 1990இல் வந்தது; அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. மார்த்தாவின் குறிப்புகளில் ஆறு உறைகிறது, உருகுகிறது, அவர் கடக்கிறார். யார் வீட்டில் பிரசவம், யார் நூல் நூற்றாள், யார் தறியில் உட்கார்ந்தாள், கூலிப்பெண் எப்போது வந்தாள், எப்போது போனாள், யார் எவ்வளவு கடன்பட்டாள் எல்லாம் இருக்கிறது. அவர் உலகில் தன்னிறைவான குடும்பம் என்ற ஒன்றே இல்லை. ஒவ்வொரு கஜம் துணிக்குப் பின்னும் நான்கு வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். 1804இல் கணவர் கடனுக்காகச் சிறைக்குப் போனார். எழுபதை நெருங்கும் மார்த்தா, மகன் குடும்பம் வீட்டைப் பிடித்துக்கொள்ள, எரிக்க விறகில்லாமல் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். விறகு வெட்டித்தர ஆளைத் தேடியதும் அதே கையெழுத்தில் இருக்கிறது. மேகியைப்போல் ஒருத்தி அந்த நாட்குறிப்பிலிருந்து காணாமல் போயிருக்க முடியாது. அவள் பெயரும், பிள்ளை ஆணா பெண்ணா என்பதும், கூலி வந்ததா என்பதும் பதிவாகியிருக்கும்.

வைல்டர் எழுதியது இலக்கியம், மார்த்தா எழுதியது குறிப்பு என்று ஒரு வாதம் வரும். எங்கள் துறைக் கருத்தரங்கு ஒன்றில் வந்தேவிட்டது. இலக்கியத்துக்கு வெட்டு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. கேட்பதெல்லாம், ஒவ்வொரு தடவையும் கத்தி ஏன் அதே இடத்தில் விழுகிறது என்பதைத்தான்.

என் பாட்டி வீட்டில் திருகை இருந்தது. ராகி திரிப்பது எப்படியிருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். "தனியா யாருடி திரிப்பா? எதிர்ல ஒரு ஆள் உக்காரணும். ரெண்டு பேரும் கைப்பிடியப் புடிச்சு இழுக்கணும். பேசிக்கிட்டே திரிச்சாத்தான் ஆகும்" என்றாள். எதிரில் உட்கார்ந்தது யார் என்றேன். பக்கத்து வீட்டு அத்தை, நெல் குத்த வரும் பெண், சில நாள் அம்மாவே. நெல் குத்த வந்தவளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்றதும் அம்மா கொஞ்சம் யோசித்தாள். "தவிடு எடுத்துக்குவா. கொஞ்சம் நொய்யி" என்றாள். அவள் பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. டி ஸ்மெட்டை விசாரிக்கக் கிளம்பியவளுக்கு இந்த இடத்தில் வாயடைத்துப்போயிற்று.

நாவலின் கடைசியில் வசந்தம் வருகிறது. ஏப்ரலில் ஓர் இரவு லாரா விழித்துக்கொள்கிறாள். காற்றின் ஓசை மாறியிருக்கிறது. கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. அது சினூக் காற்று, பனியை உருக்கும் வெப்பக்காற்று என்று அப்பா சொல்கிறார். சிறுவர் கதையில் இங்கே மகிழ்ச்சி பொங்கவேண்டும். ஆனால் பனி உருகிய மறுநாளும் காலையுணவு அதே ரொட்டிதான். உணவைச் சேமித்து வாழும் வடபுல உழவர் வாழ்வில் மிகவும் பசியான காலம் வசந்தத்தின் தொடக்கமே: சேமித்தது தீர்ந்திருக்கும், விதைத்தது முளைத்திருக்காது. நம் பக்கத்தில் தை அறுவடைக்கு முன் குதிர் தரைதட்டுமே, அதுபோல. பூக்கள் வந்துவிட்டன, கஞ்சி வரவில்லை. வைல்டர் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். முதலில் வரும் சரக்கு ரயிலில் விவசாயக் கருவிகள் இருக்கின்றன. ஒரு குடியேறியின் பெட்டியிலிருந்த உணவை உடைத்துப் பங்கிடுகிறார்கள். மே மாதத்தில்தான், கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பீப்பாய் வந்துசேர்கிறது. உள்ளே துணிமணியும், இன்னும் உறைந்தே இருக்கும் வான்கோழியும். அதுவும் வெளியிலிருந்து, ஒரு பாதிரியார் அனுப்பியது.

மே மாதத்தில் கிறிஸ்துமஸ் விருந்து. பக்கத்து நிலத்தில் இருக்கும் போஸ்ட் தம்பதியரை அழைக்கிறார்கள். அம்மா சமைக்கிறார், முதன்முறையாக எண்ணாமல். மேசையில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அதே கூரையின்கீழ் இருந்த ஒருத்திக்கும் அவள் பிள்ளைக்கும் அங்கே தட்டு வைக்கப்படவில்லை.

என் மாணவி இன்னும் சென்னையில்தான் இருக்கிறாள். போன வாரம் பேசினாள். நிலத்தில் கிணறு தோண்டியாயிற்றாம். மாமனாரிடம் பத்திரத்தைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறாள்; வீட்டில் இரண்டு நாள் யாரும் அவளோடு பேசவில்லை. அங்கே போனால் மாவரைக்க மின்சார மிஷின் இருக்கும் என்று கணவரிடம் எழுதி வாங்கிக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தாள். புத்தகத்தை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று மகள் கேட்கிறாளாம். பனி உருகும் அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்களாம்.